கேம் கொன்ட்ரோலரால ரோபோ ஓட்டுறது: கேபிளில தொடங்கி சில்லு வரைக்கும்

கொன்ட்ரோலர கொழுவிட்டன், ஆர்டுயினோவையும் (மோட்டர ஓட்டுற சின்ன கணினி போர்ட்) கொழுவிட்டன், புரோகிராமும் ஓடுது, ஆனா ரோபோ மட்டும் அசையுதே இல்ல, என்ன பிழை எண்டு கன பேர் கேக்கினம். இதுக்கு ஆராலயும் உடன பதில் சொல்ல ஏலாது. கேபிள், வின்டோஸ், கொன்ட்ரோலர வாசிக்கிற புரோகிராம், ஆர்டுயினோவுக்குக் கட்டளை போற சீரியல் லைன், கடைசியா மோட்டர் எண்டு நடுவில அஞ்சு இடம் இருக்கு, அஞ்சையும் ஒரே நாளில கொழுவிட்டு எது பிழை எண்டு தேடினா விடியும் வரைக்கும் தேட வேண்டியது தான். நான் அப்பிடித் தேடியிருக்கிறன். அதால இதில ஒண்டொண்டா போவம், ஒண்டு சரியா வேலை செய்யுது எண்டு கண்ணால பாத்த பிறகு தான் அடுத்தது.

முதல்ல சாமான். கொன்ட்ரோலர் புதுசா வாங்கோணும் எண்டு இல்ல, வீட்டில பழைய எக்ஸ்பொக்ஸ் 360 வயர் கொன்ட்ரோலர் கிடந்தா அது தான் பெஸ்ட், வின்டோஸில கொழுவின உடன தன்ட பாட்டில வேலை செய்யும். பிளேஸ்டேஷன் 4 கொன்ட்ரோலரும் நல்லது. இல்லாட்டி கொழும்பில பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா பக்கம் போனா பிராண்ட் இல்லாத யூஎஸ்பி கேம்பேட் மலிவா கிடைக்கும், பழகிறதுக்கு அது காணும். மோட்டர், சில்லு, மோட்டர் ட்ரைவர் (மோட்டருக்குக் கரண்ட் குடுக்கிற போர்ட், வின்டோஸ் ட்ரைவர் இல்ல), ஜம்பர் வயர் எல்லாம் நான் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில தான் எடுக்கிறது, போயா நாளில போயிடாதேங்கோ, பூட்டுக்கு முன்னால நிண்டிட்டுத் திரும்பி வரோணும்.

எக்ஸ்பொக்ஸ் 360 வயர்லெஸ் கொன்ட்ரோலர் ஆரும் சும்மா தந்தா சந்தோசப்பட்டு வாங்கிட்டு வராதேங்கோ, அதில புளூடூத் இல்ல, தனியா ஒரு ரிசீவர் வேணும். அதில கொழுவுற கேபிள் வெறும் சார்ஜுக்கு மட்டும் தான், டேட்டா அதால போகாது. எக்ஸ்பொக்ஸ் வன் கொன்ட்ரோலரில புளூடூத் இருக்கா எண்டு பாக்க ஒரு சின்ன வழி: நடுவில இருக்கிற எக்ஸ்பொக்ஸ் பட்டனைச் சுத்தி உள்ள பிளாஸ்டிக், முன்பக்கத்தோட ஒரே துண்டா இருந்தா புளூடூத் இருக்கு, மேல் விளிம்பு பட்டன்களோட சேந்த துண்டா இருந்தா இல்ல.

கேபிள், இதில தான் கன பேர் விழுறது

யூஎஸ்பி 2 கேபிளுக்குள்ள நாலு வயர் இருக்கோணும், ரெண்டு கரண்டுக்கு, ரெண்டு டேட்டாவுக்கு. மலிவான போன் சார்ஜ் கேபிள் கனக்க, கரண்ட் வயர் ரெண்டு மட்டும் போட்டுத் தான் வருது. வெளியில பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. நான் முதன்முதலா பிஎஸ்4 கொன்ட்ரோலர கொழுவின அண்டைக்கு லைட் எரிஞ்சுது, சார்ஜும் ஏறிச்சுது, ஆனா லப்டொப்பில ஒண்டும் வரேல்ல. ட்ரைவர் நாலு தரம் போட்டுக் கழட்டினன், வின்டோஸ் அப்டேட் பண்ணினன், கடைசியா பின்னேரம் ஆறு மணிக்கு அலுமாரிக்குள்ள கிடந்த பழைய கமராவோட வந்த கேபிளப் போட்டன், டிங் எண்டு சத்தம் வந்துது, அவ்வளவு தான். ஒரு முழுப் போயா லீவு போச்சு.

அதால கொன்ட்ரோலர் வேலை செய்யேல்ல எண்டா ட்ரைவர் பக்கம் போக முதல், அதே கேபிளால போன லப்டொப்பில கொழுவி ஃபைல் பாக்க முடியுதா எண்டு பாருங்கோ. போனில உள்ள படம் தெரிஞ்சா கேபிள் சரி. நல்ல கேபிள் ஒண்டு அம்பிட்டா அதில சிவப்பு டேப் ஒண்டு சுத்தி வையுங்கோ, இல்லாட்டி வீட்டில ஆரும் சார்ஜ் போட எடுத்துக்கொண்டு போயிடுவினம்.

கடற்கரைப் பக்கம், வெள்ளவத்தையில எங்கட பிளட் மாதிரி இடத்தில இருக்கிறாக்களுக்கு இன்னொண்டு, உப்புக் காத்துக்கு யூஎஸ்பி மூக்கு கெதியா கறள் பிடிக்கும். கொழுவினா வருது, ஆட்டினா போகுது எண்டா முதல்ல அதப் பாருங்கோ.

வின்டோஸ் காணுதா இல்லையா

ரோபோ சொஃப்ட்வெயார் எதையும் இன்னும் திறக்காதேங்கோ. வின்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேத்து அமத்தினா ரன் பெட்டி வரும், அதில ஜோய் டொட் சிபிஎல் எண்டு இங்கிலீஷில அடிச்சு என்டர் குடுங்கோ. ஒரு பழைய காலத்து ஜன்னல் திறக்கும், அதில உங்கட கொன்ட்ரோலரின்ட பேர் இருக்கோணும். பேரத் தெரிவு செய்து புரொப்பர்டீஸுக்குள்ள போனா ஸ்டிக்க ஆட்டேக்க ஒரு சின்ன சிலுவை அசையும், பட்டன அமத்தேக்க சிவப்பு வட்டம் எரியும். இங்க அசைஞ்சா கேபிளும் வின்டோஸும் சரி, இனி அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கவே தேவையில்ல. லினக்ஸ்காரர் ஜேஎஸ்டெஸ்ட் ஜிடிகே எண்ட சின்ன புரோகிராமப் போட்டுப் பாக்கலாம், அதே வேலை தான்.

மலிவு கேம்பேடில நடுவில அனலொக் அல்லது மோட் எண்டு ஒரு பட்டன் இருக்கும், அது ஓஃப்ல இருந்தா ஸ்டிக் முழுக்கத் தள்ளினா தான் ஏதும் வரும், நடு வேகம் எண்டு ஒண்டு இருக்காது. அமத்தி சிவப்பு லைட் எரிய வையுங்கோ. ஸ்டீம் பின்னால ஓடிக்கொண்டு இருந்தா அதையும் மூடுங்கோ, அது கொன்ட்ரோலரப் பிடிச்சு மவுஸா மாத்தி வச்சிருக்கும், நீங்கள் ஸ்டிக்க ஆட்டினா ரோபோவுக்குப் பதிலா ஸ்கிரீனில அம்பு ஓடும்.

எக்ஸ்இன்புட், டைரக்ட்இன்புட் எண்டு ரெண்டு சொல் எல்லா இடத்திலயும் வரும், பயப்பட ஒண்டுமில்ல. டைரக்ட்இன்புட் பழசு, எந்தக் கேம்பேடையும் எடுக்கும், ஆனா எந்தப் பட்டன் எத்தினையாம் நம்பர் எண்டது கொன்ட்ரோலருக்குக் கொன்ட்ரோலர் மாறும். எக்ஸ்இன்புட் எக்ஸ்பொக்ஸ் 360 காலத்தில வந்தது, எக்ஸ்பொக்ஸ் அமைப்பில உள்ளதுகளத் தான் எடுக்கும், ஒரே நேரத்தில 4 கொன்ட்ரோலர் வரைக்கும், நம்பர் மாறாது. எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலர டைரக்ட்இன்புட்டால வாசிச்சா பின்னால உள்ள ரெண்டு ட்ரிகரும் ஒரே அச்சில (ஸ்டிக்கோ ட்ரிகரோ எவ்வளவு தள்ளியிருக்கு எண்டு சொல்லுற நம்பர்) சேந்து வரும், ரெண்டையும் ஒண்டா அமத்தினா ஒண்டை ஒண்டு வெட்டிப் பூச்சியமாக்கிடும். ஒரு ட்ரிகரில முன்னுக்கும் மற்றதில பின்னுக்கும் ஓட்ட நினைக்கிறாக்கள் இதில தலையப் பிச்சிருக்கினம். ஏஆர்சி மாதிரி ரெடிமேட் ரோபோ சொஃப்ட்வெயாரில ஜோய்ஸ்டிக் எண்டு சேக்கேக்க ரெண்டு வகையும் தனித்தனியா இருக்கும், உங்கட கொன்ட்ரோலர் எந்தப் பக்கம் எண்டு தெரிஞ்சு எடுங்கோ.

நம்பரப் பாக்கிறது

நான் பைதன் எண்ட புரோகிராம் மொழியும், அதில கொன்ட்ரோலர வாசிக்கிற பைகேம் எண்ட தொகுப்பும் வச்சுத் தான் சொல்லுறன், ஏனெண்டா காசில்ல, வின்டோஸ் லினக்ஸ் ரெண்டிலயும் ஓடும். முதல் புரோகிராம் ரோபோவ ஓட்டக் கூடாது. கொன்ட்ரோலரின்ட எல்லா அச்சின்ட நம்பரையும் ஸ்கிரீனில காட்டினா காணும், பத்து வரி வராது. லூப்புக்குள்ள ஒவ்வொரு சுத்துக்கும் ஈவன்ட் பம்ப (கொன்ட்ரோலரின்ட புது நிலைய எடுக்கிற பைகேம் கட்டளை) கூப்பிட மறந்திடாதேங்கோ, மறந்தா எல்லாம் பூச்சியத்தில அப்பிடியே நிக்கும், கொன்ட்ரோலர் செத்துப்போச்சு எண்டு நினைப்பீங்கள்.

இப்ப அத ஓட விட்டிட்டு கைய எடுத்துக் கொன்ட்ரோலர மேசையில வையுங்கோ. ஸ்டிக்க ஒருத்தரும் தொடேல்ல, ஆனா ஸ்கிரீனில 0.0039 எண்டு ஒரு நம்பர் இருக்கும், என்ட பழைய பிஎஸ்4இல இடது ஸ்டிக் 0.06 காட்டுது, ஒரு தட்டு தட்டினா -0.04க்குப் போகுது. சரியா பூச்சியத்தில நிக்கிறது குறைவு. இது தான் ரோபோவ நிப்பாட்டி வச்சிட்டு தேத்தண்ணி ஊத்தப் போற நேரம் அது தன்ட பாட்டில மெல்ல மெல்ல நகந்து போறதுக்குக் காரணம், என்டது ஒருக்கா மேசை விளிம்பு வரைக்கும் போய் நிண்டது, கீழ் வீட்டு ஆன்டியின்ட நல்ல காலம்.

அடுத்து ஸ்டிக்க மேல தள்ளுங்கோ. பிளஸ் வரும் எண்டு நினைப்பீங்கள், -1 வரும். மேல எண்டா மைனஸ், கீழ எண்டா பிளஸ், அதால முன்னுக்குப் போற நம்பரை மைனஸால பெருக்கி எடுக்கோணும். எந்த அச்சு எத்தினையாம் நம்பர் எண்டதையும் ஒரு பேப்பரில எழுதுங்கோ, ஏனெண்டா பைகேம் 2இல எக்ஸ்பொக்ஸ் 360க்கு வலது ஸ்டிக் 3ம் 4ம், பிஎஸ்4க்கு 2ம் 3ம். எக்ஸ்பொக்ஸில 2 எண்டா இடது ட்ரிகர். ஒருத்தரின்ட புரோகிராம அப்பிடியே கொப்பி பண்ணிப் போட்டு, கொன்ட்ரோலர் மட்டும் வேற எண்டா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

ட்ரிகரில இன்னொரு கள்ளத்தனம் இருக்கு. அமத்தாம இருந்தா -1, முழுக்க அமத்தினா 1. வேகம் 0 இலிருந்து 1க்குள்ள வேணும் எண்டு ஒண்டைக் கூட்டி ரெண்டால பிரிப்பம், சரி தானே. ஆனா சில சிஸ்டத்தில புரோகிராம் தொடங்கினதுக்குப் பிறகு ட்ரிகர ஒருக்காலும் தொடாட்டி -1க்குப் பதிலா 0 எண்டு வரும், அதுக்கு ஒண்டைக் கூட்டி ரெண்டால பிரிச்சா 0.5, புரோகிராம் திறந்த உடன ரோபோ பாதி வேகத்தில பாயும். அதால ட்ரிகர் ஒருக்கா -1க்குக் கிட்ட வந்ததக் கண்ட பிறகு தான் அத நம்புங்கோ.

நடுவில ஒரு செத்த இடம்

நகருறதுக்கு மருந்து டெட்சோன். நடுவில இருந்து 0.15 வரைக்கும் என்ன வந்தாலும் பூச்சியம் எண்டு எடுக்கிறது. மைக்ரோசொஃப்ட் எக்ஸ்இன்புட்டுக்கு இடது ஸ்டிக்குக்குச் சொன்ன அளவு 32767இல 7849, கிட்டத்தட்ட கால்வாசி, எனக்கு அது கனக்க எண்டு தான் படுது, 0.12 இலிருந்து 0.15 காணும். ஆனா வெறுமன வெட்டினா 0.15 தாண்டின உடன ரோபோ துள்ளும், அதால மிச்சத்த இழுத்து விடோணும்: வந்த நம்பரில 0.15 கழிச்சு 0.85ஆல பிரியுங்கோ, மைனஸ் பக்கமும் அப்பிடித் தான், அப்ப 0.15இல பூச்சியத்தில தொடங்கி முழுக்கத் தள்ளேக்க 1 வரும்.

ரெண்டு சில்லு ரோபோவுக்கு ஒரு ஸ்டிக்கால ஓட்டுற கணக்கு லேசு. முன்னுக்குப் போற நம்பரும் திரும்புற நம்பரும் கூட்டினா இடது மோட்டர், கழிச்சா வலது மோட்டர். முன்னுக்கு 0.8, வலப்பக்கம் 0.5 எண்டா இடது 1.3, வலது 0.3. 1.3 எண்டு ஒரு வேகம் இல்ல, அதால 1க்கு வெட்டுங்கோ, பிறகு 255ஆல பெருக்கினா ஆர்டுயினோவின்ட பிடபிள்யூஎம்முக்கு (மோட்டரின்ட வேகத்தக் கூட்டிக் குறைக்கிற 0 இலிருந்து 255 வரைக்குமான நம்பர்) 255ம் 76ம். மஞ்சள் நிற மலிவு மோட்டர் சின்ன நம்பருக்குச் சுத்தாது, முனகும், என்டது 70க்குக் கீழ முனகல் மட்டும் தான். உங்கட மோட்டர் எதில சுத்தத் தொடங்குது எண்டு பாத்து அதில இருந்து தொடங்குங்கோ.

ரோபோ கை செய்யிறாக்களுக்கு மட்டும்: ஸ்டிக்கின்ட நம்பர நேரா சர்வோவின்ட (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிக்கிற மோட்டர்) கோணமா குடுக்காதேங்கோ. கைய எடுத்தா ஸ்டிக் நடுவுக்குத் திரும்பும், அதோட ரோபோ கையும் 90 பாகைக்கு டக் எண்டு அடிக்கும், பிடிச்சிருந்த கப் பறக்கும். ஸ்டிக்க வேகமா எடுங்கோ, ஒவ்வொரு சுத்துக்கும் இப்ப இருக்கிற கோணத்தோட கொஞ்சம் கூட்டிக் குறைக்கிற மாதிரி.

ஆர்டுயினோவுக்கு அனுப்பிறது

இப்ப கொன்ட்ரோலர மறந்திட்டு ஆர்டுயினோவ மட்டும் கொழுவுங்கோ. இங்க கிடைக்கிற மலிவு ஊனோவில (ஆர்டுயினோவில ஒரு வகை) கனக்க சிஎச்340 எண்ட சிப் தான் யூஎஸ்பிக்கு இருக்கு, டிவைஸ் மனேஜரில மஞ்சள் அடையாளத்தோட நிண்டா அதின்ட ட்ரைவரப் போடுங்கோ. உபுண்டு 22.04 வச்சிருக்கிறாக்களுக்கு கொழுவின உடன போர்ட் தோன்றி மறையுது எண்டா, பார்வையில்லாதவைக்கான பிரெய்ல் கருவிக்கு எண்டு இருக்கிற பிஆர்எல்டிடிவை எண்ட புரோகிராம் இந்தச் சிப்ப தன்டது எண்டு நினைச்சுப் பிடிச்சிருக்கும், உங்களுக்கு அது தேவையில்ல எண்டா கழட்டி விடலாம். லினக்ஸில உங்கட பேர டயல்அவுட் குழுவில சேத்து, லொக் அவுட் பண்ணி வரவும் வேணும்.

இடது, வலது எண்டு ரெண்டு நம்பர வாசிச்சு மோட்டர ஓட்டுற புரோகிராம ஆர்டுயினோவில ஏத்திட்டு, ஆர்டுயினோ சொஃப்ட்வெயாரில உள்ள சீரியல் மொனிட்டரத் திறந்து கையால 100,100 எண்டு அடிச்சு அனுப்புங்கோ, சில்லு சுத்தோணும். கையால அனுப்பிச் சுத்தாத சில்லு கொன்ட்ரோலரால சுத்தாது. சுத்தினா மொனிட்டர மூடுங்கோ, மூடாட்டி பைதனுக்கு அந்த போர்ட் கிடையாது, ஒரு போர்ட்ட ஒராள் தான் பிடிக்கலாம்.

பைதன் போர்ட்டத் திறக்கேக்க ஊனோ ரீசெட் ஆகும், அது எழும்ப ரெண்டு செக்கன் குடுக்கோணும், இல்லாட்டி முதல் அனுப்பினதெல்லாம் காத்தில போகும். பிறகு வேகம். லூப்ப கட்டுப்பாடில்லாம விட்டா செக்கனுக்கு ஆயிரக்கணக்கில அனுப்பும், 9600 எண்ட சீரியல் வேகத்தில செக்கனுக்கு 960 எழுத்துத் தான் போகும், மிச்சம் வரிசையில நிக்கும், நீங்கள் ஸ்டிக்க விட்டும் ரோபோ பழைய கட்டளைகள எல்லாம் முடிச்சிட்டுத் தான் நிக்கும். 115200 வையுங்கோ, செக்கனுக்கு 30 தரம் அனுப்புங்கோ, காணும். அப்பிடியும் ஒரு செக்கன் பிந்துது எண்டா ஆர்டுயினோ பக்கம் பாருங்கோ, வந்தத வாசிக்க ரீட்ஸ்ட்ரிங் எண்ட கட்டளைய மட்டும் போட்டிருந்தா இன்னும் ஏதும் வருமோ எண்டு 1000 மில்லிசெக்கன் காத்திருக்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் கடைசியில புது வரி அடையாளம் அனுப்பி, அது வரும் வரைக்கும் வாசிக்கிற மாதிரி மாத்துங்கோ.

கரண்ட்

மோட்டரையும் சர்வோவையும் ஆர்டுயினோவின்ட 5 வோல்ட் காலில இருந்து ஓட்டாதேங்கோ. லப்டொப்பின்ட யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஅம்பியர் தான் தரும், மோட்டர் எழும்பேக்க அத விடக் கனக்க இழுக்கும், உடன ஆர்டுயினோ விழும், வின்டோஸில கழண்ட சத்தமும் கொழுவின சத்தமும் மாறி மாறிக் கேக்கும். கன பேர் அத ட்ரைவர் பிழை எண்டு நினைக்கினம். மோட்டருக்குத் தனி பற்றரி, நான் 18650 எண்ட லித்தியம் பற்றரி ரெண்டு போடுறன், 7.4 வோல்ட், எல்298என் மோட்டர் ட்ரைவர் அதில ஒரு ரெண்டு வோல்ட் தின்னும், மிச்சம் மஞ்சள் மோட்டருக்கு அளவான கணக்கு. பற்றரியின்ட கறுப்பு வயரும் ஆர்டுயினோவின்ட கிரவுண்டும் கட்டாயம் சேந்திருக்கோணும், சேராட்டி சில்லு பேய் பிடிச்ச மாதிரி ஆடும்.

நிலத்தில வைக்க முதல்

ரோபோவுக்குக் கீழ ஒரு தடிச்ச புத்தகத்த வச்சு சில்லு காத்தில இருக்கிற மாதிரி நிப்பாட்டுங்கோ. ஸ்டிக்க முழுக்கத் தள்ளிக்கொண்டு இருக்கேக்க யூஎஸ்பி கேபிள உருவுங்கோ. சில்லு நிக்குதா? பற்றரி தனிய இருக்கிறபடியா ஊனோவுக்கு அதில இருந்து கரண்ட் போகுது எண்டா அது நிக்காது, கடைசியா வந்த கட்டளையோட சுத்திக்கொண்டே இருக்கும். அதுக்கு ஆர்டுயினோவுக்குள்ள, 500 மில்லிசெக்கனுக்கு ஒண்டும் வராட்டி மோட்டர நிப்பாட்டு எண்டு எழுதோணும்.

இப்ப கேபிளத் திருப்பிக் கொழுவி, இந்த முறை கொன்ட்ரோலர உருவுங்கோ. ஆர்டுயினோவுக்குள்ள எழுதினது இங்க உதவாது, ஏனெண்டா கொன்ட்ரோலர் போனாலும் பைதன் உயிரோட தான் இருக்கு, கடைசியா வந்த நம்பரையே வச்சு அனுப்பிக்கொண்டு இருக்கலாம். அதால கொன்ட்ரோலர் கழண்டா பைகேம் தாற ஈவன்டப் பிடிச்சு 0,0 அனுப்போணும். இந்த ரெண்டும் வேற வேற ஓட்டை, ஒண்டை அடைச்சிட்டு மற்றத விட்டிட்டு இருக்கிறாக்கள் கன பேர். இதோட தோள் பட்டன் ஒண்டை அமத்திப் பிடிச்சிருந்தா தான் ஓடும் எண்டும் வையுங்கோ. ரோஸ் எண்ட ரோபோ சொஃப்ட்வெயார் பாவிக்கிறாக்களுக்கு, தூர இருந்து ஓட்டுறதுக்கான டெலிஒப் பக்கேஜில அது முதலே இருக்கு, கனக்கப் பேர் அந்தப் பட்டன அமத்தாம ஸ்டிக்க மட்டும் ஆட்டிட்டு ரோஸ் வேலை செய்யேல்ல எண்டு சொல்லுறவை.

இவ்வளவும் வயரில சரி வந்த பிறகு புளூடூத்துக்குப் போங்கோ. பிஎஸ்4 எண்டா ஷேர் பட்டனையும் நடு பிஎஸ் பட்டனையும் சேத்து லைட் ரெண்டு ரெண்டு தரமா மினுங்கும் வரைக்கும் அமத்திப் பிடிச்சா லப்டொப்பில தெரியும். மாறினதால அச்சு நம்பர் மாறியிருக்கா எண்டு அந்த பத்து வரிப் புரோகிராம திருப்பி ஒருக்கா ஓட விடுங்கோ.

வெப்கேம் பூட்டுறது எண்டா அத ஆர்டுயினோ கொழுவியிருக்கிற ஹப்பில போடாம லப்டொப்பில நேரா போடுங்கோ, ரெண்டு கமரா ஒரே ஹப்பில எண்டா அனேகமா ஒண்டு தான் படம் காட்டும். ரெண்டு சிஎச்340 ஆர்டுயினோ வச்சிருந்தா வின்டோஸ் அதுகள எந்த ஓட்டையில கொழுவியிருக்கு எண்டத வச்சுத் தான் கொம் நம்பர் (சீரியல் போர்ட்டின்ட நம்பர்) குடுக்கும், ஓட்டை மாறினா நம்பரும் மாறும், கைக்குப் போக வேண்டிய கட்டளை சில்லுக்குப் போகும். என்ட லப்டொப்பில இடப்பக்கம் கை, வலப்பக்கம் சில்லு எண்டு வெள்ளை பிளாஸ்டரில எழுதி ஒட்டி வச்சிருக்கிறன்.